எடுத்துக் கொடுத்த வரி

கால்வே நகரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இது என்னவாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தால் உன்னிடம் எதற்கய்யா வருகிறேன்? "நீங்கள்தானே டாக்டர்" என்றேன். நான் ஏதோ வேடிக்கை பேசுவதாக எண்ணி அவர் வாய்விட்டுச் சிரித்தார். அயர்லாந்தில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. வீட்டுக்காரம்மா புதுத் திரைச்சீலையைக் காட்டி நீ என்ன நினைக்கிறாய் என்பார். பேராசிரியர் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அதையே கேட்பார். தாம்பரம் பக்கத்தில் வளர்ந்த என்னிடம், "மனசுல என்னதான் நினைச்சிட்டிருக்க?" என்று திட்டுவதற்காகக் கேட்டிருக்கிறார்களே தவிர, பதிலுக்காக யாரும் கேட்டதில்லை.

வெளிநாட்டில் படிப்பது என்று முடிவெடுத்தது நான்தான். எங்கள் வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. நீர்நிலைகளைப் பற்றிய மேற்படிப்புக்கு ஏன் கடல் தாண்ட வேண்டும், ஏரிதான் மழைக்கு மழை வாசலுக்கே வருகிறதே என்று அப்பா கேட்டார். அம்மாதான் என் பக்கம் நின்றாள். ஆனால் ஒரு நிபந்தனை, விசா கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கண் பட்டுவிடும். அப்பா சத்தமில்லாமல் திருநீர்மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, கேட்டவர்களிடம் வாக்கிங் போனதாகச் சொன்னார். இவ்வளவு ரகசியம் காத்தும், விசா வந்த மறுநாள் தெருமுனை இஸ்திரிக்காரர் முதல் ஆளாகக் கேட்டார், "பாப்பா, அந்த ஊர்ல நம்ம ஆளுங்க கீறாங்களா?" அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். நடு ஹாலில் பாய் விரித்து, சாயங்காலமானால் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒப்பிப்பார்கள். புத்தகத்தில் உள்ளது ஒரு எழுத்துகூட மாறக்கூடாது, அதுதான் அவள் சட்டம். யாராவது நடுவில் தடுமாறினால் அடுத்த வரியின் முதல் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுப்பாள். மீதியைப் பிள்ளை பிடித்துக்கொண்டு போய்விடும். நானும் அந்தப் பாயில் வளர்ந்தவள்தான். அயர்லாந்துக்குப் போயும் விடவில்லை. பரீட்சை சமயத்தில் பாடப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புவேன். அவள் அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்க்க, நான் இங்கே போனில் ஒப்பிப்பேன். பக்கத்து அறை ஸ்பெயின் நாட்டுப் பெண் கதவைத் தட்டி, நீ தினமும் பிரார்த்தனை செய்வாயா என்று கேட்டாள். இல்லை, படிக்கிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

பரீட்சை முடிந்து லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். மாவடு பிசைந்த தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. நான் எழுதிய ஒரு விடை பாடப் புத்தகத்தோடு காற்புள்ளி உட்படப் பொருந்துகிறதாம். தேர்வறைக்குள் எதையோ மறைத்துக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதியதாகச் சந்தேகமாம். வீடியோவில் விசாரணை, என்னோடு அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம். படிப்பு போனால் விசாவும் போகும். தட்டைத் தள்ளி வைத்தேன். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எந்த முகத்தோடு இங்கேயே தங்குவது?

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

"மனப்பாடம் பண்ணி எழுதினா திருட்டா? அப்ப இத்தனை வருஷமா நான் பசங்களுக்கு என்னடி சொல்லிக் குடுத்தேன்?"

விசாரணை அங்கே காலை நேரம், இங்கே டியூஷன் நேரம். அன்று பிள்ளைகளை வாய்க்குள்ளேயே படிக்கச் சொல்லியிருந்தாள். நான் உள்ளறையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். அந்தக் கதவு ஈரத்தில் உப்பி, முழுதாகச் சாத்தாது. திரையில் மூன்று பேர். தலைமை வகித்த நரைத்த தலை அம்மையார், என் பேராசிரியர், மாணவர் சார்பில் ஒரு பையன். மூவரும் மிக மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதைதான் பயமுறுத்தியது. நம் ஊரில் என்றால் நாலு கத்து கத்தியிருப்பார்கள், நானும் அழுதிருப்பேன், விஷயம் ஒரு வழிக்கு வந்திருக்கும்.

நினைவிலிருந்துதான் எழுதினேன் என்றேன். ஒன்றரைப் பக்கத்தையுமா என்று அம்மையார் கேட்டார். ஆமாம் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது சொல்ல முடியுமா என்று பேராசிரியர் கேட்டார். முடியுமாவா! கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். ஏரி என்பதன் வரையறை, அதன் வகைகள், பயன்கள், அடைப்புக்குறிக்குள் இருந்த ஆண்டுகள்கூட விடாமல் கடகடவென்று சொன்னேன். இரண்டாவது பத்தி முடிவதற்குள் போதும் என்று கையைக் காட்டினார்கள். அந்தப் பையன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். நீ பார்த்து எழுதவில்லை, நம்புகிறேன், ஆனால் அது நான் எழுதிய புத்தகம், அதில் இருப்பது எனக்கே தெரியும் என்றார். பிறகு கேட்டார், ஊருக்குள் இருக்கும் ஏரி எதற்காக? நீ என்ன நினைக்கிறாய்?

என் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. அவர்கள் காத்திருந்தார்கள். அவசரமே படவில்லை, ஒருவர் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, மெல்லிய குரலில், தெளிவான ஆங்கிலத்தில், அந்த ஒன்றரைப் பக்கத்தின் முதல் வரி வந்தது.

திரையில் மூன்று முகங்களும் மாறின. அறையில் உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று அம்மையார் கேட்டார். முதல் தடவையாக அவர் குரலில் மரியாதை குறைந்திருந்தது. பொய் சொன்னால் தொலைந்தேன், உண்மையைச் சொன்னாலும் தொலைந்தேன். லேப்டாப்பை அப்படியே கதவுப் பக்கம் திருப்பினேன். கதவிடுக்கில் அம்மா, கையில் சிவப்புப் பேனாவோடு. அவள் பதறிப்போய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "குட் மார்னிங் மேடம்" என்றாள். என் அம்மா, டீச்சர், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள் என்றேன். எங்கள் ஊரில் பிள்ளை தடுமாறினால் டீச்சர் சும்மா நிற்கமாட்டார்கள் என்றும் சொன்னேன். அம்மையார் மற்ற இருவரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, அவர் வெளியே போகட்டும், கேள்விக்கு நீ மட்டும் பதில் சொல் என்றார்.

"அம்மா, நீ வெளிய போ" என்றேன்.

அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். கதவை வெளியிலிருந்து அழுத்தி இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு என்ன பேசினேன் என்பது எனக்கே அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. பெருமழையில் ஏரி எங்கள் வீட்டுக்குள் வந்ததையும், அப்பா கேஸ் சிலிண்டரைக் கட்டில் மேல் ஏற்றியதையும் சொன்னேன். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போவதற்குக் கலங்கல் என்று ஒன்று உண்டு, அதற்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழிலேயே சொன்னேன். தண்ணீர் போகிற பாதையில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டு, தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று தண்ணீரையே குறை சொல்கிறோம் என்றேன். இலக்கணம் சந்தி சிரித்தது. பேராசிரியர் மட்டும் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பை அன்றே சொல்லிவிட்டார்கள். பார்த்து எழுதவில்லை, செப்டம்பரில் திரும்பி வரலாம். ஆனால் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது, மறுபடி எழுத வேண்டும். ஹாலுக்கு வந்து சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள். அம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "மார்க்கே குடுக்கலையா? ஒரு எழுத்துகூட மாறலையேடி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிழைத்த சந்தோஷத்தில் வந்த அழுகை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதிதான் அது.

மறுநாள் சாயங்காலம் நானும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்பு ரிஸ்வானா எழுந்து நீர்ச்சுழற்சியை ஒப்பித்தாள். நாலு வரி ஓடியது, ஐந்தாவதில் நின்றுவிட்டாள். அம்மாவின் உதடு அசைந்தது. உடனே அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீ என்ன நினைக்கிற, சொல்லு பார்ப்போம்" என்றாள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், கண்ணில் நீர் கட்டிவிட்டது. அம்மா பிடிவாதமாகக் காத்திருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து, ரிஸ்வானாவுக்கு மட்டும் கேட்கும்படி, அடுத்த வரியின் முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுத்தேன்.