ஆமை புகுந்த வீடு

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபப்பட மாட்டார். படுக்கையில் கிடப்பவர்களை முப்பத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். கைவேலை தெரிந்தவர் யார், தெரிந்த மாதிரி நடிப்பவர் யார் என்று வாசலில் செருப்புக் கழற்றுவதிலேயே சொல்லிவிடுவேன். ஆமை விஷயத்தில் தவறாகக் கணித்துவிட்டேன். செருப்பைக் கழற்றவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். தசைகளை ஒவ்வொன்றாகப் பறிக்கும் நோய். கை, கால், நாக்கு எல்லாம் போய், கண்ணும் இமையும் வலது கன்னமும் மட்டும் மிச்சம். கன்னத்தில் ஒரு சின்னப் பொத்தானை ஒட்டி வைத்திருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்துத் திரையில் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது கன்னத்தைச் சுருக்கினால் கம்ப்யூட்டர் அதைப் பேசும். அதுவும் அவருடைய சொந்தக் குரலில். நாக்கு குழறத் தொடங்கிய மாதமே மனிதர் உட்கார்ந்து, ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வாக்கியங்களைப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். அதற்கு வேறு நகல் கிடையாது. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டர் எழவில்லை. நிறுவனத்தின் பெயர் வரும், புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், திரை கறுக்கும், மறுபடி பெயர் வரும். செக்கு மாடு தோற்றது.

எழுத்துப் பலகையை எடுத்தேன். முதலில் மெய்யெழுத்து வரிசை, பிறகு உயிர் வரிசை. நான் விரலால் காட்டிக்கொண்டே போக, சரியான இடத்தில் அவர் இமைப்பார். தமிழில் எத்தனை எழுத்து என்பது அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்குத்தான் தெரியும். "முதுகு அரிக்குது" என்று சொல்லி முடிக்க அவருக்கு ஏழு நிமிடம் ஆனது.

அவர் மனைவி கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அரை மணி நேர வேலை என்றார்கள். மனைவியின் தம்பி உடனே கிளம்பிவிட்டார்.

"அக்கா, குடு, நான் தூக்கிட்டுப் போறேன். மத்தியானத்துக்குள்ள மாமா பேசிடுவாரு."

"யார் குரல்ல?" என்று கேட்டார் அக்கா.

அக்கா அடுத்த போனை ஆமைக்குப் போட்டார்.

பத்து மணிக்கு ஆமை வந்தார். தம்பி கதவருகே நின்று, "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க" என்றார், காதில் விழட்டும் என்றே.

"உருப்படாத வீட்டுக்குத்தாங்க என்னைக் கூப்பிடுவாங்க" என்றார் ஆமை.

உள்ளே வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நேராகக் கட்டிலருகே போய், நோயாளியின் கண்ணுக்கு நேரே குனிந்தார். "ஐயா, உங்க பெட்டிக்குள்ள கை வைக்கணும். வைக்கலாமா?"

ஒரு இமைப்பு. சரி என்று அர்த்தம்.

நான் மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அறைக்கு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள், மருத்துவர்கள் உட்பட. எல்லோரும் அவர் தலைக்கு மேலே என்னிடம்தான் பேசுவார்கள்.

பிறகு ஆமை என் பக்கம் திரும்பினார். "கடைசியா நல்லா ஓடினது எப்போ? அதுக்கப்புறம் என்னென்ன நடந்தது? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

புதிதாக வரும் நோயாளியிடம் நான் கேட்கும் அதே கேள்விகள். யோசித்துச் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கே விளங்கியது. காலை ஏழு மணிக்கு உடம்பு துடைத்துவிடுவேன். கட்டிலருகே தண்ணீர் வருவதற்கு முன் மின்சாரப் பொருள் எல்லாவற்றின் ப்ளக்கையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது பயிற்சியில் முதல் வாரமே கற்றது. மூச்சுக் கருவிக்கு மட்டும் தனியாக பேட்டரி உண்டு. அன்றும் பிடுங்கினேன். திரை நீலமாக இருந்தது, ஏதோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை.

"கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்னு எழுதியிருந்திருக்கும்" என்றார் ஆமை. "அப்டேட் ஆகிட்டு இருந்திருக்கு."

"அப்போ நான்தான் கெடுத்தேன்."

"நீங்க பண்ணதும் சரி. அது பண்ணதும் சரி. ஏழு மணிதான் தப்பு."

பழைய கோப்புகளைப் பாதி எடுத்துவிட்டு, புதியவற்றைப் பாதி வைத்த நிலையில் மின்சாரம் போயிருக்கிறது என்று விளக்கினார். எனக்குப் புரிந்தது. நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவோம். பழையதைப் பாதி சுருட்டி, புதியதைப் பாதி விரித்த நேரத்தில் ஆளை விட்டுவிட்டுப் போனால், அவர் இந்தப் பக்கமும் படுக்க முடியாது, அந்தப் பக்கமும் படுக்க முடியாது.

பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினார். பெட்டி தன் வழியில் எழாமல் அவர் கொண்டுவந்த வழியில் எழுந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். அவர் ஒரு வரி தட்டினால் அது பத்து வரி பதில் சொன்னது. பத்தையும் படித்தார். உதடு அசையப் படித்தார். மூச்சில்லாத உடம்பு என்று நான் நினைத்திருந்த ஒன்றோடு அவர் பேசிக்கொண்டிருந்தார், அதுவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பயிற்சியின்போது பிரசவ வார்டில், பிறந்த குழந்தை முதல் மூச்சு இழுப்பதை நூறு முறையாவது பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் நின்ற மாதிரிதான் இங்கேயும் நின்றேன், வாயைத் திறந்துகொண்டு.

திடீரென்று திரை முழுக்க ஒரு பட்டியல் ஓடியது. ஒவ்வொரு வரியும் ஒரு வாக்கியம். தண்ணி வேணும். ஃபேனைக் குறை. உன் தம்பிகிட்ட சொல்லாதே.

"எல்லாம் இருக்கா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"பேர் இருக்கு. உள்ள குரல் முழுசா இருக்கான்னு நகல் எடுத்தாத்தான் தெரியும். மூணு மணி நேரம் ஆகும்."

"முதல்ல பெட்டியைச் சரி பண்ணலாமேங்க" என்றார் தம்பி. "மனுஷன் காலையிலிருந்து ஊமையா கிடக்காரு."

ஆமை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முன்னாடி கடையில என் பேரு முயல், தம்பி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பெட்டி முடிப்பேன். ஒரு நாள் வீட்டுப் பெட்டியை இருபது நிமிஷத்துல சரி பண்ணேன். என் சம்சாரத்தோட நாலு வருஷ ஆராய்ச்சி அதுக்குள்ள இருந்தது. கையெழுத்துக் குறிப்பைப் பார்த்துப் பதினோரு மாசம் மறுபடி தட்டினா. இந்தப் பேரு அவ வச்சதுதான்."

தம்பி கதவருகிலிருந்து உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

மூன்று மணி நேரம் என்றது நான்கானது. நடுவில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தேன், உணவுக் குழாயில் ஆகாரம் கொடுத்தேன், பலகையைத் தூக்கினேன். ஆமை நாற்காலியை விட்டு எழவில்லை. முடிந்ததும் இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று ஒத்துப் பார்த்தார். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு, இரண்டு பக்கமும். நகல் இருந்த இன்னொரு பென் டிரைவை மனைவியின் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் பழுதில் கை வைத்தார். பாதியில் நின்ற அப்டேட்டைப் பின்வாங்கச் செய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

பெயர் வந்தது. புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. நான் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எழுபது நொடி. பிறகு வாக்கியங்கள் ஒளிரத் தொடங்கின.

கன்னம் சுருங்கியது.

"டிக்கெட் எடுக்காதவங்க இறங்கிக்கோங்க."

ஓடும் பஸ்ஸில் கடைசி இருக்கைவரை கேட்கும் குரல். கண் நேராகத் தம்பியின் மேல் இருந்தது. தம்பிதான் முதலில் சிரித்தார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆமை பென் டிரைவைப் பையில் போட்டார், ஒயரைச் சுருட்டினார், ஜிப்பை இழுத்தார். எல்லாம் அவர் வேகத்தில். கட்டிலருகே வந்து, "வரேங்க ஐயா" என்றார்.

வாக்கியங்கள் ஒளிர்ந்துகொண்டே போயின. நாங்கள் காத்திருந்தோம். கன்னம் சுருங்கியது.

"அதுக்குள்ள என்ன அவசரம்? உக்காருங்க."

ஆமையிடம் யாரும் அப்படிச் சொல்லி எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.