பொங்கியண்ணன் பெரியப்பாவின் சோற்றுக்கை

என் அக்கா நாச்சம்மாள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொன்னோம். அப்பா, "டாக்டருக்கு ஒரு படி கீழெ" என்பார். அம்மா, "கைகாலு வராதவீகளுக்கு வேலெ பழக்கற படிப்பு" என்பாள். அது ஓரளவு சரி. நான் கேட்கிற ஆளைப் பார்த்துச் சொல்வேன். கல்யாணப் பேச்சோடு வந்தவர்களிடம், "படிச்சு முடிக்க இன்னும் பத்து வருசமாகுமுங்க" என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கியதும் உண்டு.

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் ஊர். கடலைக்காயும் பருத்தியும் விளைகிற காடு. அங்கிருந்து பஸ் பிடித்துச் சித்தூருக்குப் போய் ஒரு பெண்பிள்ளை பி.எஸ்.சி. வாங்கியதே பெரிய பேச்சாக இருந்தது. அக்கா அதோடு நிற்காமல் 1974-இல் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டாள். பட்டம் வாங்கியவர்களுக்கான இரண்டு வருட மேல்படிப்பு; ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். அப்பா அந்தப் பெயரை ஒரு தடவைகூட முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

முதல் விடுமுறைக்கு வந்தபோது, "இதென்ன ஜோலின்னு எனக்காவது வெளங்கச் சொல்லு" என்றேன்.

"டாக்டரு உசுரெக் காப்பாத்திருவாரு. காப்பாத்துன உசுரு அப்பறம் சட்டெ போடோணும், தலெ சீவோணும், சோறு உங்கோணுமல்லொ? அதெ அவீகளே செய்யறதுக்கு வழி பண்றதுதான் எங்க ஜோலி" என்றாள்.

இவ்வளவு எளிதான விஷயத்துக்கு இரண்டு வருடமா என்று நினைத்துக்கொண்டேன். அதை வெளியே சொல்லாதது எனக்கு எப்போதோ வருகிற நல்ல புத்தி.

படிப்பின் கடைசி ஆறு மாதம் சொந்தப் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். நோயாளி ஒருவரை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து, அன்றாடக் காரியம் ஒன்றையாவது தன் கையால் செய்யும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பம்பாயிலிருந்து தேர்வாளர் வந்து நேரில் பார்ப்பார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் பட்டம் இல்லை. அக்காவுக்குப் பாலக்காட்டில் இடம் கிடைத்தது. நோயாளியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் காட்டுக்கு அடுத்த காட்டில் பொங்கியண்ணன் பெரியப்பா இருந்தார்.

அவர் அப்பாவுக்குப் பங்காளி. முந்தின வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தடி ஊன்றி நடக்குமளவுக்குக் கால் தேறியது. பேச்சு குழறினாலும் புரிந்தது. வலது கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

அதற்கு முன்னால் அவர் சாப்பிட உட்கார்ந்தால் அது எங்கள் வீடுவரைக்கும் கேட்கும். "உப்புப் பத்தலெ. புளி சேத்தி, பல்லுக் கூசுது. ரசத்துல சீரகமே காணோம்." அவர் மனைவி மருதாத்தாள் பெரியம்மா அடுப்படியிலிருந்தே, "அப்ப நீங்களே ஆக்கிக்கங்கோ!" என்று பதில் கொடுப்பாள். ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்காவிட்டால், யாராவது ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அம்மா சொல்லிவிடுவாள்.

கை விழுந்த பிறகு பெரியம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். உப்பு, புளி பற்றி ஒரு சொல் கிடையாது. ஊட்டுகிறவளிடம் என்ன குறை சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ. விசேஷ வீடுகளுக்கும் போவதில்லை. பந்தியில் நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டி ஊட்டிவிடுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. தன் கையால் ஒரு வாய் சோறு, அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அக்காவும் அதையே எடுத்துக்கொண்டாள். வயதுப் பெண் தனியாகப் போகக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னையும் கூட அனுப்பினார்கள். காவலுக்கு நானாம்!

முதல் வாரம் அக்கா ஒரு கரண்டியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொண்டுபோனாள். வலது கை வராவிட்டால் இடது கையைப் பழக்கு என்று புத்தகத்தில் இருந்தது. கரண்டியை அவர் இடது கையில் வைத்தாள். பெரியப்பா கரண்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பீச்சாங்கையில சோறு உங்கச் சொல்றயே, நீ எந்த ஊட்டுப் புள்ளெ?"

திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாததா? எடது கையில தண்ணி மோந்தாலே நம்மூட்டுல கையெத் தட்டி உடுவாங்க. அதெயெல்லாம் பம்பாயில மறந்துபோட்டு வந்திருக்கறன்" என்றாள். அவள் குரலில் இருந்த வெட்கத்தைக் கேட்டு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த வாரம் கரண்டி போய்விட்டது. ஒரு கூடைக் கடலைக்காயும் ஒரு கிண்ணமும் வந்தன. விதைக்கு உரிக்கிற கடலை. அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை. இரண்டு கையும் சேர்ந்து உரிக்க வேண்டும், வலது கை கட்டாயம் அழுத்த வேண்டும். விரலில் பிடி வந்தால் சோற்றுக்குப் போகலாம் என்பது அக்காவின் கணக்கு. இதற்குப் பெரியப்பா மறுப்புச் சொல்லவில்லை.

கிண்ணமும் நிறைய ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் பெரியம்மா, "பாரு கண்ணு, எத்தனெ உரிச்சிருக்காருன்னு. இப்பத்தான் கையெ ஓயவுட்டாரு" என்று கொண்டுவந்து காட்டுவாள். அக்கா அந்த நாட்களில் தரையில் நடக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் அந்தக் கை மடியை விட்டு எழும்பக் காணோம். இது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. தேர்வாளர் வர ஒரு மாதம்கூட இல்லாத சமயத்தில், "என்ற முன்னால ரெண்டு உரிங்க பெரீப்பா" என்றாள்.

அவர் ஒரு காயை எடுத்தார். வலது கைவிரல்கள் பாதி மடங்கி நின்றுவிட்டன. காய் நழுவித் தரையில் விழுந்தது. பெரியம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"அத்தனையும் அவ உரிச்சது" என்றார் பெரியப்பா.

"புள்ளெ பரீட்செயில தோத்துறக் கூடாதுன்னுதான் கண்ணு..." என்று பெரியம்மா இழுத்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒருத்தி இரண்டு வருடம் வீட்டை விட்டுப் போய்ப் படித்ததைக் கிண்ணத்தோடு கவிழ்த்துவிட்டாயே என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். "சோத்தெப் போடுங்க பெரீம்மா. நீங்க எப்பவும் ஊட்டற மாதிரியே ஊட்டுங்க. நான் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குத்தான் நானும் கவனித்துப் பார்த்தேன். தட்டு வைத்ததும் பெரியப்பாவின் வலது கை மடியில் லேசாக அசைந்தது. தட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அதற்குள் பெரியம்மாவின் கை உருண்டையோடு அவர் வாய்க்கு வந்துவிட்டது. மறுபடி அசைந்தது, மறுபடி அவள் கை முந்திக்கொண்டது. பாவம், அவளுக்கு அது தெரியவே இல்லை. ஒரு வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் அக்கா பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரீம்மா, இனி வைத்தியம் உங்களுக்குத்தானுங்க. உங்க கையெ நிறுத்தோணும்."

"கட்டுனவரு பசியோட தடுமாறயில என்னெயக் குத்துக்கல்லாட்ட நிக்கச் சொல்றயா?"

"சிந்துவாருங்க. சிந்தட்டும். நேரமாகுமுங்க. ஆகட்டும்."

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "அவரு உழுந்த நாள்ல இருந்து எனக்கு அது ஒண்ணுதான் கண்ணு ஆறுதலு. ஊட்டற ஒரு வாய்ச் சோத்தெ அவரு வாங்கிக்கறப்பதான், இருக்காரு, எங்கயும் போயிரலேன்னு மனசு அடங்கும்."

இது அக்கா படித்த எந்தப் புத்தகத்திலும் இருந்திருக்காது. அவள் பெரியம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, நானும் அழுதேன். கடைசியில் பெரியம்மாவே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செரி, நீ சொல்ற மாதிரியே நிக்கறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அக்கா பாலக்காட்டிலிருந்து தினமும் சாயங்கால பஸ்ஸில் வந்தாள். சோற்றை நிறுத்திவிட்டு ராகிக்களியில் ஆரம்பித்தாள், கையில் ஒட்டுகிற பண்டம் எளிதில் விழாது. ஒரு பலகையின் மேல் அவர் முழங்கையை ஊன்றவைத்தாள். வலது மணிக்கட்டை இடது கை கீழிருந்து தாங்கச் சொன்னாள். தாங்குவதற்கு இடது கை உதவலாம், உண்பது சோற்றுக்கைதான் என்றதும் பெரியப்பா ஒப்புக்கொண்டார். களி மார்பில் விழுந்தது, மீசையில் அப்பியது. அவர் திட்டினார், அக்காவைத்தான். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

பெரியம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவர் தட்டின் முன் உட்கார்ந்தால் இவள் கட்டுத்தறிக்குப் போய் எருமைக்குத் தீனி போட ஆரம்பித்துவிடுவாள். அந்த மாதம் அந்த எருமை கொழுத்தது போல அந்த வட்டாரத்தில் வேறெதுவும் கொழுக்கவில்லை.

தேர்வாளர் அம்மாள் பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டில் ரயில் இறங்கி, வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். நரைத்த முடி, பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். நாற்காலி போட்டுக் கொடுத்தோம். அன்றைக்குக் களி இல்லை. சோறும் தட்டப்பயறுக் குழம்பும். பெரியப்பாவே சோறுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரியம்மாவை எருமையிடம் போக விடாமல் அக்கா உள்ளேயே நிறுத்திக்கொண்டாள்.

முதல் உருண்டை பாதி வழியில் உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. பெரியம்மாவின் கால் ஓர் அடி முன்னே வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பெரியம்மா தானே நின்று, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பெரியப்பா மறுபடி பிசைந்தார். கை நடுங்கிக்கொண்டே ஏறியது. முகம் கொஞ்சம் கீழே இறங்கியது. சோறு வாய்க்குள் போய்விட்டது.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"உப்புப் பத்தலெ."

பெரியப்பா என்ன சொல்கிறார் என்று தேர்வாளர் அம்மாள் இங்கிலீஷில் கேட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் என் ஓட்டை இங்கிலீஷில், உப்புப் போதவில்லையாம் என்று சொன்னேன். அதற்கு ஏன் எல்லாரும் அழுகிறார்கள் என்பது போல் அந்த அம்மாள் எங்களைப் பார்த்தார். அக்கா தேறிய செய்தி பிறகு தபாலில் வந்தது. அந்த நேரத்தில் எங்களில் யாருக்கும் பரீட்சை ஞாபகமே இல்லை.

பெரியம்மா அடுப்படிக்கு ஓடி உப்புச் சாடியை எடுத்துவந்தாள். ஒரு கை உப்பை அள்ளித் தட்டின் மேல் நீட்டியவள் அப்படியே நின்றாள். உப்பைத் திரும்பச் சாடியில் போட்டாள். சாடியை அவர் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். அவர் அந்த விரல்களால் துழாவி எடுப்பதற்கு வெகுநேரம் ஆனது. எடுத்தார், போட்டார், பிசைந்து ஒரு வாய் உண்டார். முகத்தைச் சுளித்தார்.

"இப்ப உப்புச் சேத்தியாப் போச்சு."

கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பெரியம்மா, எங்கள் வீடுவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "அப்ப நீங்களே ஆக்கிக்கங்கோ!"