நீல மருந்தும் செங்கல் நிறமும்

பிறர் சிறுநீரைக் காய்ச்சிப் பிழைத்தவன் நான்; முகம் சுளிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் பாட்டிலோடு என்னிடம் வந்தவர்கள்தாம்.

கொஞ்சம் பச்சை

எண்பதுகளில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு லேப் வைத்திருந்தேன். நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் ஏகத்துக்கும் சர்க்கரை. கீழ்பென்னாத்தூர் சரோஜா டீச்சர் தன் கணவரின் பாட்டிலைக் கொண்டுவந்தார். செங்கல்தான். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்: "பச்சைனு எழுதிக் குடுங்க சார். போன தடவை சிவப்புனு சொன்னதுலருந்து மனுஷன் ஒரு வார்த்தை பேசல. இன்னைக்குத்தான் காபி கேட்டாரு."

மாப்பிள்ளை உபயம்

வேர்க்கடலை மண்டி ரஹீம் பாய்க்கு மாதாமாதம் நீலம். எனக்கே பெருமையாக இருந்தது. ஒருநாள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் என் பானைத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டார். நீலக்காரருக்கு எதற்கு இவ்வளவு தாகம் என்று மடக்கினேன். பாய் கூசாமல் சொன்னார்: "அது நம்ம மாப்ளையோடது சார். சிவப்பு வந்தா வூட்ல நாலு நாளு அழுவுறாங்க. எனக்கும் மண்டிக்குப் போவ மனசே வர்றதில்ல. நீலத்தப் பாத்தாதான் எல்லாருக்கும் சோறு எறங்குது."

இரண்டு பாட்டில்

"மனசைத் தளர விடாதீங்க" என்று டீச்சருக்கும் பாய்க்கும் உபதேசம் செய்தவன் நான். ஒருநாள் சந்தேகத்தில் என்னுடையதைக் காய்ச்சினேன். செங்கல். அப்புறம் என்னுடையதைக் காய்ச்சிப் பார்க்கவே இல்லை. ஷேவிங் நின்றது. கடை பதினோரு மணிக்குத் திறந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். எதுவுமே பிடிக்கவில்லை என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று டீச்சர் கேட்ட பொய் ரிப்போர்ட்டை நான் தரவில்லை; அதனால் ஒருநாள் கணவரையே இழுத்து வந்துவிட்டார். அவர் பாட்டிலை நீட்டினார். என் தாடியைப் பார்த்தவர், "உங்களுக்குமா?" என்றார். பேசாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போயி உங்களுதும் எடுத்தாங்க சார், ரெண்டையும் ஒண்ணா வெச்சிக் காய்ச்சலாம். எனக்குத் தனியாப் பாக்க பயமா இருக்குது."

இரண்டும் அப்பட்டமான செங்கல் நிறம். ஆனாலும் மறுநாள் காலை நான் ஷேவ் செய்துகொண்டேன் என்பதை எழுத எந்த ரிப்போர்ட்டிலும் ஒரு கட்டம் கிடையாது.