குஞ்சம்மாளின் ஒற்றைக் காது

குஞ்சம்மாளின் இடது காதைப் பாழாக்கியவன் அவள் புருஷன். கல்யாணமான மூன்றாம் மாதம், குழம்பில் உப்பு கம்மி என்று ஓர் அறை. அப்புறம் குடித்தே செத்தான். அவன் போனான், காது வரவில்லை. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும். எந்தத் திசை என்று தெரியாது. கிழக்கே கூப்பிட்டால் மேற்கே திரும்புவாள். மணலூர்பேட்டையில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆம்பளை இல்லை. சிரித்தவனுக்கெல்லாம் காது இரண்டும் சரியாகத்தான் இருந்தது, புத்திதான் இல்லை.

போன தை மாதம் ஒரு காலையில், அவளுடைய நிறைசினை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தெய்வசிகாமணியின் கரும்புக்குள் புகுந்துவிட்டது. ஆளை மறைக்கும் கரும்பு. உள்ளே மாடு முனகியது. கன்று சிக்கிக்கொண்டால் இரண்டு உயிரும் போகும். வரப்பில் நின்ற நான்கு ஆண்கள் நான்கு திசையைக் காட்டினார்கள்.

"கண்டபடி பூந்து கரும்ப முறிச்சிடாதீங்கடா!" தெய்வசிகாமணிக்கு அந்தக் கவலை.

அவர் மகன் இளவரசன், பட்டணத்தில் படித்தவன், நான்கு செல்போன்களை வயலின் நான்கு மூலையில் வைத்தான்.

"கிட்ட இருக்கிற போன்ல சத்தம் மொதல்ல வுழும்மா. தூரத்துல இருக்கிறதுல பிந்தி வுழும். அந்த வித்தியாசத்த வெச்சு எடத்தக் காட்டிடும்."

அவன் கையிலிருந்த இன்னொரு போனின் திரையில் புள்ளி விழுந்தது. கயிற்றோடு எல்லாரும் ஓடினார்கள். ஓடி நின்ற இடம் மோட்டார் கொட்டகை. காட்டுப்பன்றியை விரட்ட தெய்வசிகாமணி கட்டிய ஸ்பீக்கர் அங்கே நாய்க் குரைப்பை ஓயாமல் கக்கிக்கொண்டிருந்தது. ராவும் பகலும் கேட்டுப் பழகியதில், அது சத்தம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

"இன்னா மொதலாளி, நாயா கன்னு போடுது?" என்றாள் குஞ்சம்மாள். "இத்தினி பேரு நின்னுக்கினு கீறீங்க, அத்த நிறுத்தணும்னு ஒருத்தனுக்குத் தோணல. தூ!"

ஒயரை அவளே பிடுங்கினாள். அடுத்த புள்ளி வாய்க்கால் பக்கம் விழுந்தது. அங்கே, பன்னிரண்டாவது வரிசையில், காய்ந்த கரும்புச் சோகைமேல் மாடு கிடந்தது. கன்றின் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது. குஞ்சம்மாள் கையை உள்ளே விட்டு மடங்கிய காலை நிமிர்த்தி, மாடு முக்கும்போதெல்லாம் இழுத்தாள். கிடேரிக் கன்று.

"போனு இல்லன்னா கஷ்டம்தாம்மா," என்றான் இளவரசன்.

"போனு நல்லாத்தான் கீது தம்பி. வெச்சிக்கினு இருக்கிறவனுங்கதான் சரியில்ல."

தெய்வசிகாமணி எதிரே வந்து நின்றார். "ஏ குஞ்சம்மா! முறிஞ்ச கரும்புக்கு யாரு பதில் சொல்றது?"

குஞ்சம்மாள் இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, கன்றின் மூக்கை முந்தானையால் துடைத்தாள்.