லட்டுவின் விரதம்

முப்பத்தொரு வருட அரசாங்க உத்தியோகத்தில் அம்சவேணி ஒரு கோப்பில்கூடப் பொய்யான எண்ணை எழுதியதில்லை. அப்படிப்பட்டவள், ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சமையலறையில் நின்றுகொண்டு, தராசு 1,380 கிராம் என்று காட்ட, மகளுக்கு 1,460 என்று வாட்ஸப்பில் அனுப்பினாள். அவள் நிறுத்தது ஒரு பாம்பை.

அந்தப் பாம்பு, மகள் பிரியதர்ஷினியுடையது. ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை, விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்த உருண்டையைப் பார்த்துத்தான் லட்டு என்று பெயர் வைத்தாள். வனத்துறையில் முறைப்படி பதிவு செய்து, கண்ணாடிப் பெட்டி வாங்கி, நாலு வருடமாக வளர்த்து வருகிறாள். ஜூலையில் கம்பெனி அவளை ஐந்து மாதப் பயிற்சிக்குப் பெங்களூருக்கு அனுப்பியது. ஃப்ரிஜ்ஜின் மேல் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாள். டெல்லியில் பிறந்தவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கிலத்தில் ஐந்து வரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஃப்ரீசரில் உள்ள எலி ஒன்றை எடுத்து வெந்நீரில் இளக வைத்துக் கொடுக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் இருக்கும் சூட்டு விரிப்பை அணைக்கக் கூடாது. சும்மா சும்மா தொடக் கூடாது. உள்ளே அது ஒளிந்துகொள்ளும் டப்பாவை எடுக்கவே கூடாது. ஞாயிறுதோறும் எடை பார்த்து அனுப்ப வேண்டும்.

"நீ சுத்த சைவம்மா. எலியைத் தொடுவியா?"

"உன் மூத்திரத் துணியைத் துவைச்சவ நான். போ கண்ணு, போய் வேலையைப் பாரு."

ஜூலையில் கொடுத்த எலியை லட்டு ஒழுங்காகத்தான் விழுங்கியது.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மேல்வீட்டு ருக்மிணி கறிவேப்பிலை கேட்டு இறங்கி வந்தாள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஊர்ல இருந்தா இந்நேரம் புத்துக்குப் பால் ஊத்தியிருப்போம். இந்த டெல்லியில புத்துக்கு எங்க போறது? எங்க பார்த்தாலும் மெட்ரோவுக்குத் தோண்டின குழிதான் இருக்கு."

"இது ஆப்பிரிக்கப் பாம்புக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். சாமிக்கு ஏது பாஸ்போர்ட்டு?"

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினோரு பேர்.

அம்சவேணி ராசிபுரத்திலிருந்து இருபத்திரண்டு வயதில், பரீட்சை எழுதி எழுத்தர் வேலைக்கு வந்தவள். இன்று ஒரு அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் விளக்கு பூஜை வைத்தால், பாய் விரிப்பதும் பிரசாதத்துக்குத் தேங்காய் துருவுவதும் அவள்தான். விளக்கேற்றும் நேரம் வந்தால் தானாகவே சமையலறைப் பக்கம் நகர்ந்துவிடுவாள். அவளை யாரும் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதுமில்லை.

இப்போது அந்தப் பெண்கள் பட்டுப்புடவையும் பால் செம்புமாக அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். "அம்சா, அந்த டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினா நல்லா தரிசனம் ஆகுமே" என்று ருக்மிணி சொன்னபோது அவளால் மறுக்க முடியவில்லை. டப்பா அலமாரிக்குப் போனது. தண்ணீர்க் கிண்ணத்தில் பால் ஊற்றினார்கள். உள்ளே மஞ்சள் துணி விரித்தார்கள். சீரியல் விளக்கு போட ஒரே ஒரு பிளக்தான் இருந்தது. அதற்காகச் சூட்டு விரிப்பைப் பிடுங்கினாள். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை எழுந்தது. யாரோ ஒருத்தி துணிந்து கையை விட்டு, சுருண்டிருந்த லட்டுவின் தலையில் குங்குமம் வைத்தாள். முடிவில் ருக்மிணி கற்பூரத் தட்டை அவளிடம் நீட்டினாள்.

"உன் வீட்டுச் சாமி. நீயே காட்டு."

தட்டை வாங்கிக் காட்டினாள். பதினோரு வருடத்தில் பத்துப் பேர் முன்னால் அவள் தீபம் காட்டியது அன்றுதான்.

அன்றைக்குப் பிறகு லட்டு சாப்பிடவில்லை. வைத்த எலி விடிகிற வரை அப்படியே கிடக்கும். அதைச் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பையில் போடுவாள். காகிதத்தில் எழுதியிருந்த ஐந்து வரியும் அவளுக்கு மனப்பாடம். சனிக்கிழமை காலையில் டப்பாவைத் திரும்ப உள்ளே வைப்பாள்; இனி எடுப்பதில்லை என்று முருகன் மேல் ஆணையிட்டுக்கொள்வாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கையே அதை வெளியே எடுத்துவிடும். மகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு எண் போகும். "அச்சா பச்சா லட்டு!", நல்ல பிள்ளை என்று இந்தியில் பதில் வரும், கூடவே மூன்று சிவப்பு இதயங்கள். அந்த இதயங்களைப் பார்க்கக் கூசி, போனைக் கவிழ்த்து வைப்பாள்.

கந்த சஷ்டி பிறந்தது. முதல் நாள் மலை மந்திர் முருகன் கோயிலிலிருந்து இறங்கி வரும்போது அம்சவேணி வாய் தவறி, "அது வாயில எதையும் வைக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். மனதில் இருந்த பயம்தான் அப்படி வெளியே வந்தது.

ருக்மிணி நின்றுவிட்டாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

"அடியே, விரதம்டி! சஷ்டி விரதம்! நாம ஆறு நாள் இருக்கத் திணறுறோம், அது ரெண்டு மாசமா இருக்கு பாரு."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் அடுத்த செக்டாரிலிருந்தெல்லாம் வந்தார்கள். விரதம் இருக்கும் பாம்பைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் அவள் கையாலும் விபூதி வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் லட்டுவைத் தூக்கியபோது முதுகெலும்பு ஒரு கயிறு போல விரலில் தட்டியது. தராசு 1,150 என்றது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தலையணை உறைக்குள் லட்டுவை விட்டு, கூடையில் வைத்து ஆட்டோ பிடித்தாள்.

"கூடையில என்ன மேடம், அசையுது?" என்று ஆட்டோக்காரன் இந்தியில் கேட்டான்.

"பூனைக்குட்டி பையா." இன்னொரு பொய். இப்போதெல்லாம் அது எவ்வளவு சுலபமாக வருகிறது!

மிருக டாக்டர் நரைத்த தாடி வைத்த சர்தார்ஜி. வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவினார். பிறகு பாம்பை விட்டுவிட்டு அவளைக் கேட்க ஆரம்பித்தார்.

"ஒளிஞ்சுக்க இடம் இருக்கா?"

"இருக்கு ஜி."

"சூடு?"

"இருக்கு."

"யாராவது தொந்தரவு பண்றாங்களா? ஜனங்க, புகை?"

"இல்லை ஜி."

அவர் ஈரப் பஞ்சால் லட்டுவின் தலையை மெல்லத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, அதை அவள் முன்னால் மேசை மேல் வைத்தார்.

அம்சவேணிக்குக் காது மடல் வரை சுட்டது. தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாம்புக்கு விரதம் தெரியாது பெஹன்ஜி," என்றார் அவர். "ஒளிய இடமில்லைன்னா அதுக்கு நாள் முழுக்கப் பயம். பயத்துல இருக்கிறது வாயைத் திறக்காது. உடம்பில சூடு இல்லைன்னா சாப்பிட்டது செரிக்காது, அதனாலயும் தின்னாது. தோல் உரிக்கும்போது, இடம் மாறும்போது, குளிர் காலத்துல கொஞ்ச நாள் சாப்பிடாம இருக்கும், அது வேற. இதுக்கு நோய் ஒண்ணும் இல்லை. டப்பாவை வைங்க, சூடு குடுங்க, அறையைப் பூட்டுங்க. பத்து நாள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நீங்களும்தான்."

மறுநாள் சூரசம்ஹாரம். பத்து மணிக்குப் பால் செம்புகளோடு வந்தவர்களை அம்சவேணி வாசலிலேயே நிறுத்தினாள்.

"உள்ளே வராதீங்கக்கா. அது விரதம் இல்ல. டப்பாவை எடுத்தேன், சூட்டைப் பிடுங்கினேன், பயத்துல அது தின்னாம கிடக்கு. நான்தான் அதைப் பட்டினி போட்டேன்."

ருக்மிணியின் முகம் சிறுத்தது. "எங்களைக் கும்பிட வெச்சப்ப இது தெரியலையா உனக்கு?"

"தெரியும்."

செம்புகளோடு திரும்பினார்கள். படியேறும்போது ஒரு குரல், அவளுக்குக் கேட்கட்டும் என்றே, "அவ கையில தட்டைக் குடுத்தமே, நம்மளைச் சொல்லணும்" என்றது. யார் குரல் என்று அவள் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

ஃப்ரிஜ் மேலிருந்த காகிதத்தைப் பிரித்தெடுத்துத் திருப்பினாள். பின்பக்கம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்கு நேராகவும், பென்சிலில் உண்மையான எடை இருந்தது. மகளுக்குப் பொய் அனுப்பிய கை, பழக்கதோஷத்தில் இங்கே சரியாகக் குறித்து வைத்திருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினாள்.

இரண்டு நீலக் குறிகள் வந்தன. பிறகு போன் அடித்தது.

"சச் மே, நிஜமாவா அம்மா? இந்த நம்பர்தானா?"

"ஆமா கண்ணு." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"சொல்லியிருந்தா ஃப்ளைட் பிடிச்சு வந்திருப்பேனே." கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏம்மா இப்படிப் பண்ணுன?"

விளக்கேற்றும் நேரத்தில் நகர்ந்து போனது, தட்டு கைக்கு வந்தது, எல்லாம் நினைவுக்கு வந்தன. இதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் எந்த மொழியில் சொல்வது?

"ஆளுங்க வந்தாங்க கண்ணு. வீட்டுக்கு ஆளுங்க வந்தாங்க."

"இனிமே நம்பர் டைப் பண்ண வேண்டாம்மா. தராசை ஃபோட்டோ எடுத்து அனுப்பு."

பதினோராம் நாள் சாயங்காலம் எலியை ஒரு தட்டில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள். காலையில் தட்டு காலியாக இருந்தது. டப்பாவின் இருட்டுக்குள், லட்டுவின் நடுவயிற்றில் ஒரு மேடு தெரிந்தது. கண்ணாடியின் முன் குந்தி அமர்ந்து அழுதாள். பிறகு சத்தம் போடுகிறோமே என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஞாயிறு. தராசு 1,190 என்றது. எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி மூன்று தடவை படம் எடுத்து, நல்லதை அனுப்பினாள்.

"ஓகே" என்று வந்தது. இதயம் இல்லை.

அவள் தராசைத் துடைத்து வைத்தாள்.