நானா அறுத்த ஆடு

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டியது ஆட்டின் முழங்கால், அதுவும் அறுத்த சூட்டோடு, மூட்டைப் பிளக்காமல். பதுளைச் சந்தைப் பக்கம் இறைச்சிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், போய்க் கேட்டேன். வீட்டில் யாருக்கோ கால் உடைந்துவிட்டது என்று அவராகவே முடிவுகட்டி, மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு என்று சூப்புக்குப் பக்குவம் சொல்ல ஆரம்பித்தார். பின்னால் கூட்டம் நின்றதால் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

அடுத்த வாரம், சூப்பு எப்படி என்று விசாரித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சூப்பு வைக்கல நானா," என்றேன். "அந்த ஆடு இன்னும் சாகல."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானாவின் முகம் கறுத்துவிட்டது. தலைமுறையாகக் கத்தி பிடிக்கிற குடும்பம். அவர் அறுத்தது சாகவில்லை என்று வாடிக்கையாளர் முன்னால் சொன்னால் அது சின்னப் பழியா?

"பிஸ்மி சொல்லி அறுத்தது தங்கச்சி," என்றார் குரலைத் தாழ்த்தி. "எப்புடி உசுரோட ஈக்கும்?"

அவசர அவசரமாக விளக்கினேன். முழங்கால் குருத்தெலும்புக்குள் மூல செல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துச் சூடும் சாப்பாடும் கொடுத்தால் தட்டில் பெருகும். நானா கத்தியைக் கையில் வைத்தபடியே கேட்டார். அந்த ஆட்டின் மிச்சம் பெரகலயில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதாம். அங்கே தின்று முடித்த ஆடு இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதில் அவருக்குப் பாதி பயம், பாதி பெருமை. அன்றிலிருந்து என்னை எங்கே கண்டாலும், வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்தாவது, ஆட்டின் சுகம் விசாரிப்பார். பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் நான் ஆடு வளர்ப்பதாகவே நம்பினார்கள்.

அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. நான் அதைச் சாகடிக்கத்தான் வளர்த்தேன்.

என் ஆராய்ச்சியே அதுதான். செல்லுக்குள் போய் ஒரே ஒரு ஜீனின் வாயை அடைக்கிற மருந்து எங்களிடம் இருந்தது. பாதி செல்களுக்கு அந்த மருந்து. மற்றப் பாதிக்கு யார் வாயையும் அடைக்காத ஒரு சும்மா மருந்து. முதல் பாதி வளர்ச்சி நின்று சாக வேண்டும், மற்றது பிழைக்க வேண்டும். அப்போதுதான் குருத்தெலும்பை வாழவைப்பது இந்த ஜீன்தான் என்று நான் வாய் திறக்கலாம். இரண்டும் செத்தாலோ, இரண்டும் பிழைத்தாலோ என் படிப்பு அம்போ. மருந்து ஒரு தடவைக்குத்தான் காணும். டொலர் கொடுத்து இன்னொரு தடவை வரவழைக்கப் பேராசிரியரிடம் வழியில்லை. நானா ஆட்டின் ஆயுளுக்கு துஆ கேட்க, நான் பாதி சாக வேண்டுமென்று முருகனைக் கும்பிட்டேன். மடுல்சீமைத் தேயிலை மலையேறிக் கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்த அம்மாவின் மகள், வேறு எதைக் கேட்பேன்?

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த அந்தக் காலை மறக்காது. மருந்து குடித்த பாதி சுருங்கி, உருண்டு, தட்டை விட்டுக் கழன்று மிதந்தது. மற்றப் பாதி, விடிகாலைப் பெரட்டில் பெயர் கொடுக்கத் தோட்டத்து ஆட்கள் நிற்பதைப் போல நெருக்கியடித்து நின்றது. வெள்ளைக் கோட்டோடு குதித்தேன்.

மாலையில் கடை கண்ணில் பட்டதும் குதிப்பு நின்றுவிட்டது. நின்றிருந்த லொறிக்குப் பின்னால் நழுவப் பார்த்தேன். நானா கூப்பிட்டுவிட்டார்.

"பாதி செத்துப்போச்சு நானா," என்றேன். "நான்தான் சாகடிச்சேன்."

அவர் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"அதுக்கு நோவு தெரிஞ்சிச்சா?" என்றார். "நாங்க கத்திய நல்லாத் தீட்டித்தான் எடுப்போம், நோவக் கூடாதுன்னு. ஒங்கட மருந்து எப்புடி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆராய்ச்சிக் கூட்டங்களில் எத்தனையோ பேர் என்னைக் குடைந்திருக்கிறார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. வலிக்க நரம்பு வேண்டும், அதற்கு நரம்பே இல்லை என்று சொன்னேன். அவர் நம்பினார், மூச்சு விட்டார். காலையில் குதித்தது நினைவுக்கு வந்து எனக்குத்தான் வெட்கமாகப் போனது. மற்றப் பாதியை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

சோதனை முடிந்தால் மிச்சமிருப்பதன் மேல் பிளீச் ஊற்ற வேண்டும் என்பது ஆய்வுக்கூட விதி. மறுநாள் போத்தலைத் திறந்தேன், மூடினேன். பிறகு அந்தச் செல்களைச் சின்னக் குழாயில் போட்டு உறைபெட்டியில் வைத்தேன். தூங்க வைத்திருக்கிறேன் என்று நானாவிடம் சொன்னதும், எழுப்பும்போது தனக்கும் சொல்லச் சொன்னார்.

முடிந்துபோன வேலைக்கு உறைபெட்டியில் எதற்கு இன்னும் இடம் என்று பேராசிரியர் கேட்கிறார். ஆட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.