பரமசிவன் வீட்டு கேஸ் தொட்டி

முப்பிடாதியம்மாளைப் பற்றிக் கேட்டால் சங்கரன்கோவிலில் பலரும் பொல்லாதவள் என்பார்கள். அப்படிச் சொல்பவர்களின் மாட்டை யாரும் வெயிலில் கட்டிப்போட்டுக் கொன்றதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் அவளுடைய சினைப்பசு பரமசிவனின் பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துக் கட்டி, உடையவர் வந்து கெஞ்சியதும் அவிழ்த்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். முப்பிடாதி ஒரு துக்கத்துக்குத் திருவேங்கடம் ஊருக்குப் போயிருந்தாள். பரமசிவன் பசுவை வெயிலில் கட்டிப்போட்டு, சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காத்திருந்தார். அவள் வந்தபோது பசு விறைத்துக் கிடந்தது.

"கட்டுனதுதான் நான். செத்தது அதோட விதி" என்றார் அந்த மகராசன்.

மறு வருஷம் அவர் அரசு மானியத்தில் கோபர் கேஸ் தொட்டி கட்டினார். சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்து வாயு பிறக்கும். மேலே கவிழ்த்த இரும்பு டிரம் எழும்பும். குழாய் வழியே வாயு வந்து அடுப்பு நீலமாக எரியும். சாணி கரைக்க ஆள் தேடினார். முப்பிடாதி தானே போய் நின்றாள். அவள் அடங்கிவிட்டாள் என்று பரமசிவனுக்குப் பெருமை. அவளுக்கோ நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது.

பிளாக் ஆபீஸிலிருந்து வந்தவர் ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்: பினாயில் உள்ளே போகக் கூடாது, போனால் வாயு பிறக்காது. பரமசிவனின் மகளைப் பெண் பார்க்க வரும் நாள் குறித்ததும், தொழுவம் கழுவ வைத்திருந்த பினாயிலை முப்பிடாதி தினமும் சாணியோடு கரைத்தாள். விறகில்லாமல் விருந்து வைக்கப்போவதாகப் பரமசிவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டிரம் தாழ்ந்ததை அவர் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியபோது அடுப்பு பொசுக்கென்று அணைந்தது.

பரமசிவன் தலைகுனிவதைப் பார்க்க முப்பிடாதி கொல்லையில் நின்றாள். அவரோ அடுப்படிப் பக்கம் திரும்பி, "இன்னும் ஆகலையாட்டி?" என்று அதட்டியதோடு சரி. மழையில் நனைந்த பருத்திமார் விறகை வைத்து ஊதி ஊதிச் சமைத்தவள் அவர் மனைவி கோமதித்தாய். வருஷக்கணக்காகப் புகையில் இருமியவள். அந்த நீல அடுப்பு வந்த பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டாள். விருந்து நேரத்துக்கு நடந்தது. பரமசிவன் ஏப்பம் விட்டார்.

கோமதித்தாய் கொல்லைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கண்கள் சிவந்திருந்தன. முப்பிடாதியின் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"பினாயிலாட்டி?"

முப்பிடாதி கையை உருவிக்கொண்டாள்.

"உன் பசுவைக் கட்டுனவரு சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாரு. நான் என்னட்டி செஞ்சேன் உனக்கு?"

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். முப்பிடாதிக்கு ஆத்திரம்தான் கூடியது. தான் பழிவாங்கியதைக்கூட அந்த ஆள் பெண்டாட்டி தலையில் தள்ளிவிட்டானே. தொட்டியை வழித்துவிட்டு, வாரக்கணக்கில் புதுச் சாணி சுமந்து, கோமதித்தாய்க்காக அந்த அடுப்பை அவளே மறுபடி எரியவைத்தாள்.

"இப்பத்தான் இவ ஒழுங்கா வேலை செய்யுதா" என்றார் பரமசிவன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சாணியைக் கரைத்தாள்.